ஒரே தோட்டத்து சைரா: அந்த விலை எதற்கு, ஏற்காட்டில் அந்தக் கொடி வருமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அடிலெய்டில் இருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது ஹென்ஷ்கி குடும்பத்தாரின் 'மவுண்ட் எடல்ஸ்டோன்' ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். ஒரே தோட்டத்துப் பழம், அதனால்தான் இந்த விலை என்கிறார். அவர்களுடைய 'ஹில் ஆஃப் கிரேஸ்' அரை லட்சத்தைத் தாண்டுமாம். அப்படி அதில் என்னதான் இருக்கிறது? ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. காப்பி விலையை நம்பி உட்கார முடியவில்லை. அங்கே இந்தத் திராட்சைக் கொடியை நட்டால் வருமா?"

நாசிக் பக்கத்து ஒயின் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஏற்காட்டில் இருப்பவன் என்பதால் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியும். விலையைப் பொறுத்தவரை, அந்தக் குடும்பம் கேட்கும் பணத்துக்குக் காரணம் இருக்கிறது. கொடியைப் பொறுத்தவரை, நடாதீர்கள் தம்பி. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன். இது ஒரு குடும்பம் தன் நிலத்தில் பணத்தைப் போடுவது பற்றிய விஷயம்.

சைரா, ஷிராஸ் இரண்டும் ஒரே கொடிதான். பிரான்சில் சைரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவியது. 1998-இல் மரபணுச் சோதனை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. துரேசா, மோந்தூஸ் பிளாங்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்களுக்குப் பிறந்த பிள்ளை இது. ரோன் ஆற்றின் வடபகுதியில், ஏர்மிதாஜ், கோத் ரோத்தி போன்ற செங்குத்தான சரிவுகள்தான் இதன் பழைய வீடு. 1830-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் சேகரித்த குச்சிகளோடு இதுவும் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது.

இப்போது 'ஒரே தோட்டம்' என்பதற்கு வருவோம். ஒயின் தொழிலில் கலப்பது கேவலம் இல்லை, அது ஒரு பெரிய கலை. ஆஸ்திரேலியாவின் பெயர்பெற்ற ஷிராசான பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச், 1951-இல் மேக்ஸ் ஷூபர்ட் தொடங்கி வைத்ததிலிருந்து பல வட்டாரத்துப் பழங்களைச் சேர்த்தே செய்யப்படுகிறது. ரோன் ஆற்றின் வடபகுதியில் 1481 முதல் தலைமுறை தலைமுறையாக ஒயின் செய்துவரும் ஷாவ் குடும்பம்கூட, ஏர்மிதாஜ் குன்றின் வெவ்வேறு துண்டுகளில் விளைந்ததைத் தனித்தனியாக நொதிக்க வைத்து, பிறகு ஒன்றாகக் கலந்துதான் தங்கள் ஏர்மிதாஜைத் தருகிறது. ஒரு துண்டில் நாக்குக்குக் கனம் கிடைக்கும், இன்னொன்றில் வாசம் கிடைக்கும், மூன்றாவதில் புளிப்பு கிடைக்கும். சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மூடிவிடும். ஆகவே ஒரே தோட்டம் என்று பாட்டிலில் ஒட்டிய சீட்டில் போட்டிருப்பதாலேயே உசத்தி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் தோட்டத்தின் பெயரைச் சீட்டில் போட்டால் 95 விழுக்காடு பழம் அந்தத் தோட்டத்தினுடையதாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டம் நல்ல தோட்டமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கலக்காதவனுக்கு மூடி மறைக்க வழி இல்லை. அந்த வருடம் மழை தவறினாலும், பூஞ்சணம் பிடித்தாலும், வெயில் பழத்தைச் சுருக்கினாலும் பாட்டிலுக்குள் அப்படியே தெரியும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாலு பீப்பாய் வாங்கி ஊற்றிச் சரிக்கட்ட முடியாது. தெரிந்தே இந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டு, அதை எழுபது வருடங்களுக்கு மேல் விடாமல் காப்பாற்றிவரும் குடும்பம் என்பதால்தான் எனக்கு ஹென்ஷ்கிகள்மீது இத்தனை மரியாதை.

அவர்கள் இன்றைய போலந்தில் அடங்கும் ஒரு பகுதியிலிருந்து 1840-களில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய லூத்தரன் கிறிஸ்தவர்கள். யோஹான் கிறிஸ்தியன் ஹென்ஷ்கி கைனெட்டன் என்ற ஊரில் நிலம் வாங்கி, வீட்டுத் தேவைக்கு மிஞ்சிய ஒயினை 1868-இல் விற்கத் தொடங்கினார். நான்காம் தலைமுறைக்காரர் சிரில் ஹென்ஷ்கி காலத்தில் ஆஸ்திரேலியச் சந்தை முழுக்க, சாராயம் சேர்த்த தித்திப்பான ஒயின்தான் ஓடியது. சாப்பாட்டோடு குடிக்கும் தித்திப்பில்லாத ஒயினுக்குக் கூட்டம் கம்மி. அந்த நேரத்தில்தான் அவர் 1952-இல் மவுண்ட் எடல்ஸ்டோன் தோட்டத்துப் பழத்தைத் தனியாக எடுத்து, அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே பாட்டிலில் அடைத்தார். 1958-இல் ஹில் ஆஃப் கிரேஸ் வந்தது.

உங்கள் பாட்டிலைப் பற்றி ஒரு விவரம் சொல்கிறேன், மச்சானிடமும் சொல்லுங்கள். மவுண்ட் எடல்ஸ்டோன் கொடிகள் 1912-இல் நடப்பட்டவை. நட்டது ஹென்ஷ்கிகள் அல்ல, ஆங்காஸ் குடும்பத்தார். சிரில் முதலில் பழத்தை மட்டும்தான் விலைக்கு வாங்கினார். நிலம் அவர்கள் கைக்கு வந்தது 1974-இல். அதாவது இருபது வருடங்களுக்கு மேல் அடுத்தவர் தோட்டத்தின் பெயரைத் தன் பாட்டிலில் போட்டு, அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் தோட்டத்தை வாங்கியிருக்கிறார்கள். எந்த நிலம் என்ன தரும் என்று இத்தனை வருடம் பார்த்துவிட்டு வாங்குவதுதான் விவசாயி வாங்கும் முறை.

ஹில் ஆஃப் கிரேஸ் இன்னும் சின்னது. தோட்டம் மொத்தமே 8 ஹெக்டேர், நம் கணக்கில் 20 ஏக்கர். அதில் ஷிராஸ் சுமார் பாதிதான். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம், ஆண்டு மழை 500 மி.மீ. அளவில். அங்கே இருக்கும் மிகப் பழைய கொடிகள் 1860 வாக்கில் நட்டவை. பிரான்சின் தோட்டங்களை 19-ஆம் நூற்றாண்டில் அழித்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. அதனால் அந்தக் கொடிகள், பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல், சொந்த வேரிலேயே நிற்கின்றன. தண்ணீர் பாய்ச்சுவது இல்லை, வானம் கொடுப்பதுதான். அடிமரம் முறுக்கிக்கொண்டு, ஆளின் தொடையளவு பருத்து, நடுவில் பொந்து விழுந்து நிற்கும் கொடி குறைவாகத்தான் குலை தருகிறது என்றால் அதற்குமேல் கேட்க முடியாது. ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்கு மேல் பழம் வேண்டும். இதை வைத்தே மொத்தம் எத்தனை பாட்டில் வரும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் தலைமுறையில் ஸ்டீபன் ஹென்ஷ்கி ஒயினைப் பார்த்துக்கொள்கிறார், அவர் மனைவி புரூ தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். தாவரவியல் படித்த புரூ 1980-களில் ஒரு வேலையைத் தொடங்கினார். எனக்கு அதுதான் இந்தக் கதையின் மையம். பழைய கொடிகளை ஒவ்வொன்றாகப் பல பருவங்கள் கவனித்து, எது நன்றாகக் காய்க்கிறது, எது சீராகப் பழுக்கிறது என்று பார்த்துக் குறித்துவைத்து, அவற்றிலிருந்து மட்டும் குச்சி எடுத்து நாற்றங்கால் போட்டார். நாளைக்கு ஒரு கிழக்கொடி செத்துப்போனால், அந்த இடத்தில் அதே தோட்டத்தின் வாரிசுதான் நிற்கும். கடையில் வாங்கிய நாற்றை வைத்து இடத்தை நிரப்புவது எளிது. அப்படிச் செய்தால் ஐம்பது வருடங்களில் தோட்டத்தின் பெயர் மட்டும் மிஞ்சும், தோட்டம் மிஞ்சாது.

இன்னொரு செலவும் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. 1974-லும் 2000-லும் ஹில் ஆஃப் கிரேஸ் வரவே இல்லை. பருவம் சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். நல்ல வருடத்து ஒயினும் சுமார் ஒன்றரை வருடம் மரப் பீப்பாயில் கிடந்து, பாட்டிலிலும் ஓய்வெடுத்து, அறுவடையிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து வருடம் கழித்துத்தான் விற்பனைக்கு வருகிறது. ஐந்து அறுவடைகளின் கூலி, உரம், பீப்பாய் விலை எல்லாம் முடங்கிக் கிடக்கும். நடுவில் ஒரு வருடம் வருமானமே இல்லை என்றால் வட்டிக்கு வாங்கித் தொழில் நடத்துபவன் தாங்கமாட்டான். பெரிய கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குடும்பமாக, சொந்த நிலத்தில், பேரனுக்கும் சேர்த்து யோசிப்பவர்களால்தான் அது முடியும். அரை லட்சத்தில் பேருக்கும் அந்தஸ்துக்கும் ஒரு பங்கு போகிறது, அதை மறுக்கவில்லை. மவுண்ட் எடல்ஸ்டோன் விலை அதில் ஒரு பகுதிதான். என்னைக் கேட்டால் கொடுத்த காசுக்கு நிறைவு தருவது அதுதான்.

பாட்டிலைத் திறக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். உங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியிலிருந்து காய்ந்த மிளகு நாலு மணி எடுத்து அம்மியில் லேசாகத் தட்டி முகர்ந்துவிட்டு, பிறகு கிளாசை மூக்கருகே கொண்டுபோங்கள். இரண்டிலும் ஒரே வாசம் வரும். கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான் இரண்டிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-இல் இதை வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். மிளகில் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு இருக்கும். ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் அறவே தெரியாது என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. ஆகவே வீட்டில் யாராவது "ஒன்றும் வரவில்லையே" என்றால் சண்டை போடாதீர்கள். குளிர்ந்த இடத்தில், நிழலில் பழுத்த குலையில் ரோட்டண்டோன் அதிகம். சுட்டெரிக்கும் வெயிலில் குறைந்துபோய் ஜாம் வாசம் முன்னுக்கு வந்துவிடும்.

பாட்டிலை அதுவரை கீழே சேலத்தில் அலமாரியில் வைக்க வேண்டாம். ஏப்ரல் வெயிலில் மச்சு அறையில் கிடந்தால் உள்ளே இருப்பது வெந்துவிடும். மேலே ஏற்காட்டு வீட்டில் இருட்டான மூலையில் வையுங்கள். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் 17, 18 டிகிரிக்கு வரும். 'ரூம் டெம்பரேச்சர்' என்று சொல்வது ஐரோப்பிய வீட்டின் சூடு, நம் வீட்டுச் சூடு இல்லை. திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். தொட்டுக்கொள்ளப் பள்ளிபாளையம் சிக்கன் வேண்டாம். வரமிளகாய்க் காரமும் ஒயினின் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு எரியும், ஒயின் கசக்கும். மிளகும் உப்பும் மட்டும் போட்டு, சின்ன வெங்காயத்தோடு சுருள வதக்கிய ஆட்டுக்கறி வையுங்கள். அந்த மிளகு ஒயினின் மிளகை எடுத்துக் கொடுக்கும்.

இனி நிலத்துக்கு வருகிறேன். ஏற்காட்டின் உயரத்தை மட்டும் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். சுமார் 1,500 மீட்டர். இரவு குளிர்கிறது, சரிவு இருக்கிறது, செம்மண் வடிகால் நன்றாக இருக்கிறது. நீங்கள் காப்பிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கும் போர்டோ கலவையே 1880-களில் பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைக்காகக் கண்டுபிடித்ததுதான். அந்த மருந்து எந்த நோய்க்காகப் பிறந்ததோ, அந்த நோய்தான் உங்கள் முதல் எதிரியாக இருக்கும். அடிச்சாம்பல் நோய்க்கு ஈரமான இலையும் மிதமான குளிரும் போதும். ஏற்காடு இரண்டையும் தாராளமாகத் தருகிறது.

சிக்கல் மழையின் அளவில் மட்டும் இல்லை, அது வரும் மாதங்களில் இருக்கிறது. திராட்சை குளிர்நாட்டுக் கொடி. பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் துளிர்க்கும். நாசிக், தமிழ்நாடு போன்ற வெப்பமான இடங்களில் தூங்குவதில்லை. அதனால் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துதான் அதற்குப் பருவத்தை உண்டாக்குகிறோம். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அது கொடியை வளர்க்க. செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அது காய்க்க. தென்மேற்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்துவிடும். துளிர், பூ, காய், பழம் எல்லாம் வறண்ட, குளிர்ந்த மாதங்களில் நடந்து, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை முடிந்துவிடும். அங்கே ஒயின் தொழில் நிற்பதே அந்த வறண்ட மாதங்களை நம்பித்தான்.

அதே கணக்கை ஏற்காட்டில் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 1,500 மி.மீ.க்குக் குறையாத மழை, அதுவும் இரண்டு பருவமழையும் சேர்ந்து. அக்டோபரில் கவாத்து செய்தால் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் இளந்துளிர்மேல் இறங்கும், பூ கொட்டிப்போகும். மழை முடியட்டும் என்று டிசம்பரில் செய்தால், சைரா பழுக்க நாலு மாதத்துக்குமேல் ஆகும் என்பதால் அறுவடை ஏப்ரல், மே மாதத்துக்குப் போகும். அப்போது கோடை மழை. பழுத்த திராட்சையில் ஒரு நல்ல மழை விழுந்தால் தோல் வெடிக்கும், அழுகல் பிடிக்கும், சேர்ந்த சர்க்கரை கரைந்துவிடும். காப்பிப் பூவுக்கு நீங்கள் சாமி கும்பிட்டுக் காத்திருக்கும் அதே கோடை மழைதான் திராட்சைக்கு எமன். வாரம் தவறாமல் மருந்தடித்து ஏதோ பழத்தை எடுத்துவிடலாம். மருந்தில் விளைந்த பழத்துக்கு எந்த நிலத்தின் பெயரைப் போடுவது? குரங்கும் காட்டெருமையும் வேறு இருக்கின்றன, அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"தேனி மாவட்டத்துக் கம்பத்தில் திராட்சை விளைகிறதே" என்பீர்கள். அது பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம், பந்தலில் ஏற்றி வருடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுப்பது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பள்ளத்தாக்கு மலை மறைவில் இருக்கிறது, வெதுவெதுப்பானது, பழம் சாப்பிடுவதற்கானது. அதை வைத்து ஏற்காட்டையும் சைராவையும் கணக்குப் போட முடியாது. இவை எல்லாவற்றையும் மீறி ஒயின் செய்தாலும் உரிமத்துக்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை, கடை விற்பனைக்கு டாஸ்மாக் என்று போக வேண்டும். சின்னக் குடும்பம் நேரடியாகத் தன் பெயரை வளர்க்க அதில் இடம் குறைவு.

இப்போது உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். ஹில் ஆஃப் கிரேஸின் முதல் கொடி நடுவதற்குச் சுமார் நாற்பது வருடங்களுக்கு முன்பே சேர்வராயன் மலையில் காப்பி வந்துவிட்டது. இருநூறு வருடமாக இந்த மண், இந்த மழை, இந்த நிழலோடு பழகிய பயிர். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மேட்டுத் துண்டுப் பழமும் ஓடைக்கரைப் பழமும் பழத்தோலை உரிக்கும் ஒரே பல்ப்பரில் விழுகின்றன, ஒரே களத்தில் காய்கின்றன, வியாபாரி மூட்டையை எடை போட்டுக்கொண்டு போகிறார், மேலோட்டை நீக்கித் தரம் பிரிக்கும் கியூரிங் ஆலையில் இன்னும் பத்துத் தோட்டத்துக் காப்பியோடு சேர்ந்துவிடுகிறது. பிறகு விலை இல்லை என்கிறோம். பெயர் இல்லாத மூட்டைக்குச் சந்தை விலைதான் கிடைக்கும்.

ஹென்ஷ்கிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கொடியை இல்லை தம்பி, அந்தப் பிரித்துவைக்கும் பழக்கத்தை. உங்கள் தோட்டத்தில் உயரமான, காலை வெயில் படும், காப்பி மெதுவாகப் பழுக்கும் ஒரே ஒரு சரிவைத் தேர்ந்தெடுங்கள். எது என்று உங்கள் மேஸ்திரிக்கு நன்றாகத் தெரியும், அவரைக் கேளுங்கள். அந்தச் சரிவில் பழுத்த சிவப்புப் பழத்தை மட்டும் கையால் பறிக்கச் சொல்லுங்கள். ஒரே ஆள் அதே செடிக்கு நாலு தடவை போக வேண்டியிருக்கும், கூலியைக் கூட்டிக் கொடுங்கள். பறித்த அன்றே தண்ணீரில் போட்டு மிதப்பதை நீக்குங்கள். பல்ப்பரை முதலில் கழுவிவிட்டு இதைத் தனியாக ஓட்டுங்கள், இல்லாவிட்டால் நேற்றைய பழத்தின் புளித்த வாடை இதில் ஏறிவிடும். தரையில் கொட்டாமல் வலைக் கட்டிலில் மெல்லிதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை காயவைத்து, சரிவின் பெயரும் வருடமும் எழுதித் தனி மூட்டையில் கட்டுங்கள். சரியாக வரவில்லை என்றால் அந்த வருடம் அந்தப் பெயரில் விற்காதீர்கள், மற்றதோடு சேர்த்துவிடுங்கள். 1974-இல் ஹென்ஷ்கிகளும் அந்தப் பெயரில் விற்கவில்லை.

குறைந்தது மூன்று பருவம் இப்படி எடுத்தால்தான் அந்தச் சரிவுக்கென்று தனிச் சுவை இருக்கிறதா, அல்லது அந்த ஒரு வருடத்து வானிலையா என்று சொல்ல முடியும். பெங்களூரில் தோட்டத்தின் பெயரைப் போட்டே காப்பியை வறுத்து விற்கும் சின்னக் கடைகள் நிறைய வந்துவிட்டன. அவர்கள் பத்துக் கிலோ மாதிரியையும் மதித்து வாங்குவார்கள், ஆனால் இரண்டாம் வருடமும் அதே தரம் வருமா என்று கட்டாயம் கேட்பார்கள்.

நவம்பரில் பழம் எடுக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சரிவைப் பார்க்கிறேன். காய்ந்த பிறகு அரைக் கிலோ அனுப்புங்கள். லேசாக வறுத்து, 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் வீதம் போட்டு, உங்கள் மற்றத் துண்டுகளின் காப்பியோடு பெயரை மறைத்துவைத்துச் சுவைத்துப் பார்ப்போம். வித்தியாசம் இல்லை என்றால் இல்லை என்றே சொல்வேன், அடுத்த வருடம் வேறு சரிவில் தொடங்கலாம்.